மதிப்பீட்டுத் தாளின் பின்பக்கம்

வால்பொன் ஊருக்கு மேலே, ஒலிவ மரங்கள்
அடுக்கடுக்காக இறங்கும் சரிவில்
பத்து மீட்டருக்கு நான்கு மீட்டர்
சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாயிற்று.
குழி வேண்டும் என்பதில் சண்டையில்லை.
குழிக்கு எதை உடுத்துவது என்பதில்தான்
தாயும் மகனும் மூன்று வாரமாகப் பேசவில்லை.

நான் கம்பெனி ஆள். நீஸிலிருந்து வருபவள்.
பையில் எப்போதும் இரண்டு மாதிரிகள்:
உள்ளங்கையகலம் வினைல், முக்கால் மில்லிமீட்டர், மணல் நிறம்;
அரைச் செங்கல் அளவு கான்கிரீட் துண்டு,
மூன்று வருடமாக என் காரின் பின்சீட்டைக்
கிழித்துக்கொண்டே ஊர் சுற்றுவது.

மகன் திபோ கான்கிரீட்டைத்தான் தூக்கிப் பார்த்தார்.
எடை பிடித்துப்போயிற்று.
"வினைல் கேம்பிங் தளத்துக்குச் சரி," என்றார்.
"பள்ளத்தாக்குப் பக்கம் விளிம்பே தெரியக் கூடாது.
தண்ணீர் வானத்தோடு போய்ச் சேர வேண்டும்.
வீட்டு விலையை யோசியுங்கள், அம்மா."

நானும் ஆமாம் போட்டேன்.
கான்கிரீட்டில் எனக்கு நான்கு விழுக்காடு,
வினைலில் ஒன்றரை.
ஆகவே கம்பிக்கூட்டைப் பற்றிச் சொன்னேன்,
குழாய் வழியே கலவையைப் பீய்ச்சுவதை,
இருபத்தெட்டு நாள் ஈரம் காப்பதை,
பச்சைக் கண்ணாடிச் சில்லு பதிப்பதை.
இதையும் சொன்னேன்: வினைல் வெறும் தோல்.
வெயில் வெளுக்கும். நாய் நகம் கிழிக்கும்.
தண்ணீர் வற்றவிட்டால் சுருங்கும்,
பிறகு விரியாது.

பொய்கை என்று ஒரு சொல் எங்கள் மொழியில் உண்டு.
மனிதர் தோண்டாத குளத்துக்கு அந்தப் பேர்.
அதன் முதல் இரண்டெழுத்து ஏன் அப்படி என்று
மாதிரிப் புத்தகத்தில்
அச்சடித்த கூழாங்கற்களைத் தடவும்போதெல்லாம்
எனக்குத் தோன்றும்.

மதாம் ஒடீல் வெரான், எழுபத்தாறு வயது,
செருப்பைக் கழற்றி
வினைலின் மேல் குதிகாலை வைத்தார்.
பிறகு கான்கிரீட்டின் மேல்.
"எது எத்தனை நாள் தாங்கும்?"

"இது பன்னிரண்டு வருடம். பார்த்துக்கொண்டால் பதினைந்து.
அது உங்களுக்குப் பிறகும்..."

வாய் தவறிவிட்டது.
ஆழம் பார்க்காமல் காலை விட்டவள்
குளம் விற்றுப் பிழைக்கும் நான்.
சில்வண்டுகள்கூட அந்த நேரம் பார்த்து நிறுத்தின.
திபோ தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதாம் சிரித்தார், இருமல் வரும்வரை.
"எனக்குப் பிறகு குளிப்பவர்கள்
எனக்குப் பிறகு பணம் கட்டட்டும்."

என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடும்போது,
யாரும் கேட்காமலே, சொன்னார்:
கணவர் நிலவறையில் அடுக்கி வைத்த ஒயின்
அறுநூற்றுப் பன்னிரண்டு போத்தல்.
பிறகு, பிறகு என்று ஒன்றையும் திறக்கவிடவில்லை.
மே மாதம் எல்லாம் ஏலத்தில் போயின.

ஜூலையில் மூன்று பேராக வந்தோம்.
வினைல் ஒரே பெட்டியில் மடித்து வந்தது, எண்பது கிலோ.
சுவருக்கும் அதற்கும் நடுவில் இருந்த காற்றை
இப்ராகிமா இயந்திரம் வைத்து உறிஞ்சினான்.
குழாயைத் திறந்தோம்.
இரண்டு விரற்கடைத் தண்ணீர் சேர்ந்ததும்
வெறுங்காலோடு இறங்கி
நடுவிலிருந்து சுவர்வரை
மடிப்புகளைப் பாதத்தால் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.
அதற்கு இன்னும் இயந்திரம் வரவில்லை.

மதாம் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு
படிகளில் பின்பக்கமாக இறங்கி வந்தார்.
நீச்சல் தெரியாது என்று அப்போதுதான் சொன்னார்.
எங்களோடு வரிசையில் நின்று
திராட்சை மிதிப்பவர் போல மிதித்தார்.

கடைசிப் படியோரம் ஒரு மடிப்பு போகவேயில்லை.
லோயிக் குந்தி உட்கார்ந்து இழுத்தான், திட்டினான்.
"விடு," என்றார். "இருட்டில் கால் பட்டால்
படி வந்துவிட்டது என்று தெரியுமே."

கணுக்காலைத் தாண்டியதும் நாங்கள் ஏறிவிட்டோம்.
நிறைய இன்னும் ஒன்றரை நாள் ஆகும் என்றேன்.
ஆகட்டும் என்றார்,
தண்ணீருக்குள்ளேயே
நின்றபடி.